வெளிச்சம் கூடிப்போன கதை

ஆப்டிகல் மாட்யூல் வாங்குவதில் நான் அடித்த கூத்துகளை எழுதச் சொன்னால் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாது. ஆனால் பாளையங்கோட்டை லிங்க் விவகாரம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதில் போன பணம் கம்பெனிப் பணம். என் மரியாதை கொஞ்சம் போனது, அது போகட்டும். இன்னொரு மனிதரின் மரியாதையில் நான் கை வைத்தேன் என்பதுதான் விஷயம்.

அப்போது திருநெல்வேலியில் ஓர் இன்டர்நெட் கம்பெனியில் வேலை. கேபிள் டிவியில் ஆரம்பித்து பிராட்பேண்டுக்கு வந்த கம்பெனி. நான் ரவுட்டிங் படித்துவிட்டு, சுவரில் மாட்டும் அளவுக்குச் சான்றிதழ்களோடு போய்ச் சேர்ந்தவன். ஃபைபர், ஸ்பிளைசிங், கம்பம் ஏறுவது எல்லாம் "கேபிள் ஆட்கள் சமாச்சாரம்" என்பது என் நினைப்பு. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

ஜங்ஷன் பக்கம் எங்கள் மெயின் ஆபீஸ். பாளையங்கோட்டையில் ஒரு கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை, அதுதான் அந்தப் பக்கத்து பாப். இரண்டுக்கும் நடுவே எங்கள் ஃபைபர் ஆற்றைத் தாண்டி, வண்ணார்பேட்டை வழியாக, ஈ.பி. கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு போகும். நேர்த் தூரம் குறைவு, ஆனால் சுற்றிச் சுற்றிப் போனதில் ஏழு கிலோமீட்டர். 1ஜி லிங்க். சாயங்காலமானால் பாளையங்கோட்டையே யூடியூப் பார்க்கும், லிங்க் மூச்சு முட்டும். அதை 10ஜி ஆக்க வேண்டும், மாட்யூல் வாங்க வேண்டும். பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

இந்த மாட்யூலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்எஃப்பி ப்ளஸ் என்பது ஆள்காட்டி விரலைவிடச் சின்னதான ஒரு உலோகக் கட்டி. ஸ்விட்சில் ஒரு பக்கம் சொருகினால், மறுபக்கம் ஃபைபர் வந்து உட்காரும். உள்ளே ஒரு லேசர், ஒரு ரிசீவர். லேசர் கரண்டை வெளிச்சமாக்கி அனுப்பும், ரிசீவர் வருகிற வெளிச்சத்தைக் கரண்டாக்கிக் கொடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் லேபிளில் இருக்கும் இரண்டெழுத்தில்.

எஸ்ஆர் என்றால் 850 நானோமீட்டர் வெளிச்சம், தடித்த கோர் உள்ள மல்டிமோடு ஃபைபர். ஓஎம்3 கேபிளில் 300 மீட்டர், ஓஎம்4-இல் 400 மீட்டர். கட்டடத்துக்குள் போதும், தெருவைத் தாண்டாது. எல்ஆர் என்றால் 1310 நானோமீட்டர், சிங்கிள்மோடு, 10 கிலோமீட்டர். இஆர் என்றால் 1550 நானோமீட்டர், 40 கிலோமீட்டர். இந்த மூன்றும் 2002-இல் வந்த 10ஜி தரநிர்ணயத்திலேயே உண்டு. இசட்ஆர் அதில் கிடையாது. 80 கிலோமீட்டருக்கென்று தயாரிப்பாளர்கள் தாங்களாகவே கொண்டுவந்தது.

நான் எக்செலில் ஒரு ஒப்பீட்டுத் தாள் போட்டேன். விலைக்கு ஒரு கட்டம், தூரத்துக்கு ஒரு கட்டம், வாரண்டிக்கு ஒரு கட்டம். கோடிங்குக்கு மட்டும் மூன்று கட்டம். ஏனென்றால் அந்த நாளில் எங்களுக்கு இருந்த பெரிய பயம் அதுதான். ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு சின்ன மெமரி சிப் இருக்கும், அதில் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் எழுதியிருக்கும். பிராண்டட் ஸ்விட்ச் அதைப் படித்துப் பார்த்து, "இது என் வீட்டுப் பிள்ளை இல்லை" என்று போர்ட்டையே மூடிவிடும். வெளியார் தயாரிக்கும் மாட்யூலில், நம் ஸ்விட்ச் ஏற்றுக்கொள்கிற மாதிரி எழுதித் தருவார்களா என்று கேட்டு வாங்க வேண்டும். போன் போட்டுக் கேட்டேன், மெயில் போட்டுக் கேட்டேன், எழுத்தில் வாங்கினேன். என் கெட்டிக்காரத்தனம் முழுக்க அதிலேயே செலவானது.

தூரத்துக்கான கட்டத்தில் ஏழு கிலோமீட்டருக்கு எல்ஆர் போதும் என்று தெரிந்தது. ஆனால் பத்துக்கு ஏழு என்றால் மூன்றுதானே மிச்சம்? நடுவில் எத்தனை ஜாயிண்ட், மழையில் எத்தனை அறுந்து மறுபடி ஒட்டியது, யார் கண்டது? இந்த இடத்தில் ஸ்பிளைசிங் அண்ணாச்சியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஏழு கிலோமீட்டரில் ஒவ்வொரு ஜாயிண்ட் பாக்ஸையும் கையால் மூடியவர் அவர். கேட்கவில்லை. இசட்ஆர் வாங்கிவிட்டேன். எல்ஆரைவிடப் பல மடங்கு விலை. முதலாளியிடம், "எண்பது கிலோமீட்டர் போறது ஸார், ஏழு கிலோமீட்டருக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஓடும்" என்றேன். அவரும் தலையாட்டினார். அதிகத் தூரம் என்றால் அதிகப் பாதுகாப்பு என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

நான்கு மாட்யூல் வந்தது. இரண்டு லிங்குக்கு, இரண்டு ஸ்பேர். ஃபீல்டுக்குக் கொண்டுபோகும் முன் டெஸ்ட் பண்ணிவிட வேண்டும் என்று ஆபீஸிலேயே ஒரு ஸ்விட்சில் நான்கையும் சொருகினேன். ஒரு மீட்டர் மஞ்சள் பேட்ச் கார்டுகளை எடுத்து இரண்டிரண்டாக நேருக்கு நேர் இணைத்தேன். ஸ்கிரீனில் மாடல் எண் வந்தது. "ஏற்கமாட்டேன்" என்ற மெசேஜ் வரவில்லை. கோடிங் பாஸ்! எனக்கு அது போதும். பச்சை லைட் எரிந்தது, நடுவே ஒரு தடவை அணைந்து எரிந்த மாதிரியும் இருந்தது. பழைய ஸ்விட்ச் என்று விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இப்படி ஓடவிடுவதை எங்கள் தொழிலில் பர்ன்-இன் என்பார்கள். காலையில் லைட்டைக்கூடப் பார்க்காமல் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பியவன் நான்.

பாளையங்கோட்டை பாப்பில் அன்று ராத்திரி லிங்க் எழும்பவில்லை. போர்ட் நம்பர் மாற்றினேன், மாட்யூலை மாற்றினேன், கேபிளைத் திருப்பிப் போட்டேன். ஜங்ஷன் பக்கம் இருந்த பையனையும் எல்லாம் மாற்றச் சொன்னேன். ம்ஹூம். ஸ்பிளைசிங் அண்ணாச்சியை வரச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர். கேபிள் டிவி காலத்திலிருந்து ஃபைபர் ஒட்டுகிறவர். வந்து, ஃபைபர் முனையை ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவில் துடைத்து, பவர் மீட்டரில் சொருகிப் பார்த்தார்.

"ஸார், லைட்டு நல்லா வருது. மைனஸ் ரெண்டரை."

"அப்ப ஏன் லிங்க் வரலை? எங்கயோ ஸ்பிளைஸ் சரியில்லை அண்ணாச்சி."

"ஸ்பிளைஸ் சரியில்லைன்னா கொறையல்லா செய்யும். இது கூடல்லா இருக்கு. வீட்டுல வைக்கிற ஓஎன்டிக்கே மைனஸ் எட்டுக்கு மேல போச்சுன்னா பொட்டி தடுமாறும் ஸார்."

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. "வெளிச்சம் கூடினா யாருக்காவது கஷ்டமா அண்ணாச்சி? அது வீட்டுப் பொட்டி, இது பத்து ஜி. முதல்ல உங்க மீட்டரை காலிபரேட் பண்ணுங்க."

அவர் பதில் பேசவில்லை. வழியில் இருக்கும் ஜாயிண்ட் எல்லாவற்றையும் திறந்து மறுபடி ஒட்டச் சொன்னேன். ஒட்டினார். அர்த்த ராத்திரியில் ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாகப் போனார். லிங்க் வரவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு மெயில் அடித்தேன். ஸ்பிளைசிங் தரம் சரியில்லை, சரியாகும்வரை அவருடைய பில்லை நிறுத்தி வைக்கவும். தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எழுத்துப் பிழை பார்த்துத்தான் அனுப்பினேன்.

மறுநாள் ராத்திரி மறுபடி அதே அறை. அண்ணாச்சி கீழே டீ குடிக்கப் போயிருந்தார். மீட்டரை ரேக் மேல் வைத்திருந்தார். மஞ்சள் ரப்பர் உறை, ஓரத்தில் கிழிந்து இன்சுலேஷன் டேப் சுற்றியது. அது தப்பாகக் காட்டுகிறது என்று நிரூபித்துவிடலாம் என்று எடுத்தேன். நல்ல மாட்யூல்களுக்குள்ளேயே ஒரு மீட்டர் உண்டு. வருகிற வெளிச்சம் எவ்வளவு என்று ஸ்விட்சில் ஒரு கமாண்ட் போட்டால் சொல்லும். போட்டேன். மைனஸ் 29. கிட்டத்தட்ட இருட்டு. நான் சொன்னதுதானே! மாட்யூலிலிருந்து அதே கார்டைப் பிடுங்கி மீட்டரில் சொருகினேன். மைனஸ் 2.4. மீட்டரில் 1550 செட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆகியிருந்தது. திரும்ப மாட்யூலில் போட்டேன். மைனஸ் 29. மீட்டர், மைனஸ் 2.4. ஸ்பேர் மாட்யூலைப் போட்டேன். அதுவும் இருட்டு என்றது.

ஒரே முனை. அதிலிருந்து வருவது ஒரே வெளிச்சம். மீட்டர் பார்க்கிறது, மாட்யூல் பார்க்கவில்லை. வெளிச்சம் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே இருக்கிற கண் அவிந்துவிட்டது. ஒன்றல்ல, கையில் இருந்த இரண்டும். ஜங்ஷனில் இருப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். நாலு கண்ணும் ஒரே சமயத்தில் எப்படி அவியும்?

லேப்டாப்பில் டேட்டாஷீட்டைத் திறந்தேன். அது வாங்கும்போதே வந்ததுதான். முதல் பக்கத்தில் 80 கிலோமீட்டர் என்பதோடு நிறுத்தியிருந்தேன். இப்போது கீழே போனேன். அனுப்பும் சக்தி: 0 முதல் பிளஸ் 4 டிபிஎம். வாங்கும் சக்தி: மைனஸ் 24 முதல் மைனஸ் 7. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், போதிய அட்டெனுவேஷன், அதாவது வெளிச்சக் குறைப்பு, இல்லாமல் நேரடியாக இணைத்தால் ரிசீவர் சேதமடையும் என்று ஒரு வரி.

0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 24 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் நாலு பங்கு. 80 கிலோமீட்டர் கண்ணாடி இழைக்குள் நடந்து களைத்து வரும் அந்தத் துளி வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக இசட்ஆருக்குள் அவலாஞ்ச் போட்டோடயோடு என்ற மகா கூர்மையான கண்ணை வைக்கிறார்கள். நானோ ஒரு மீட்டர் கார்டில், ஒன்றரை மில்லிவாட்டுக்கு மேல், ராத்திரி முழுக்க அதன்மேல் அடித்திருக்கிறேன். இருட்டில் ஊசி தேடுகிறவன் முகத்தில் லாரி ஹெட்லைட்டைப் போட்டு, விடியும்வரை அணைக்காமல் விட்ட மாதிரி. நான் செய்த டெஸ்ட்தான் நாலையும் கொன்றது.

அண்ணாச்சி டீ குடித்துவிட்டு மேலே வந்தார். எனக்கும் ஒரு கப் பார்சல் வாங்கி வந்திருந்தார். சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணாச்சி, நீங்க கிளம்புங்க" என்றேன்.

அதற்குப் பிறகும் நான் யோக்கியனாக நடந்துகொள்ளவில்லை. முதலாளியிடம் மாட்யூல் பேட்சே பழுது என்றேன். சென்னையில் வாங்கின இடத்துக்கு வாரண்டியில் அனுப்பினேன். அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, ரிசீவர் ஓவர்லோடில் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று பதில் போட்டார்கள். அந்த மெயிலில் முதலாளிக்கும் காப்பி இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, "அப்ப அந்த ஸ்பிளைசிங்காரர்?" என்று மட்டும் கேட்டார். பில்லை அன்றே விடுவித்தார்கள். நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "வெளிச்சம் வராமப் போனாத்தான் எல்லாரும் எங்களைக் கூப்பிடுவாங்க, அதனால உங்களுக்கு அப்படித் தோணிருக்கும்" என்றார். கோபமே இல்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் கம்பெனி வேலைக்கு அவர் வரவில்லை. போன் பண்ணினால் மரியாதையாகப் பேசுவார், வேறு வேலை இருக்கிறது என்பார்.

பாளையங்கோட்டை லிங்க் கடைசியில் சாதாரண எல்ஆர் மாட்யூலில் ஓடியது. கணக்கை இம்முறை நான் போட்டேன், புதிதாக வந்த ஸ்பிளைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து. 1310-இல் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் என்று ஏழு கிலோமீட்டருக்கு இரண்டரை. ஜாயிண்ட், கனெக்டர் எல்லாம் சேர்த்து இரண்டு. மொத்தம் நாலரை. எல்ஆர் லேசர் மைனஸ் 2-இல் அனுப்பினால் அந்தப் பக்கம் மைனஸ் 6.5 வரும். எல்ஆர் ரிசீவர் மைனஸ் 14.4 வரை தாங்கும். ஏகப்பட்ட மிச்சம். மூன்று கிலோமீட்டர்தான் மிச்சம் என்று நான் பயந்ததற்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். எல்ஆர் அதிகபட்சம் அனுப்புவது 0.5 டிபிஎம், அதன் ரிசீவர் அதிகபட்சம் வாங்குவதும் 0.5. ஒரு மீட்டர் கார்டில் நேருக்கு நேர் போட்டாலும் ஒன்றும் ஆகாதபடியே தரநிர்ணயம் எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள். இஆரில் அந்த வசதி இல்லை. அனுப்புவது 4 வரை போகும், வாங்குவது மைனஸ் 1-உடன் நின்றுவிடும். கட்டாயம் நடுவே 5 டெசிபலாவது குறைக்க வேண்டும்.

இப்போது 100ஜி காலம். மாட்யூல் கொஞ்சம் அகலமாகி க்யூஎஸ்எஃப்பி28 ஆகிவிட்டது. போன வருடம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 100ஜி போட வேண்டியிருந்தது. ஜூனியர் பையன் ஒருவன் ஒப்பீட்டுத் தாள் கொண்டுவந்தான். எஸ்ஆர்4, ஓஎம்4-இலேயே 100 மீட்டர்தான், ஆகாது. பிஎஸ்எம்4, சிங்கிள்மோடு என்றாலும் 500 மீட்டர், அதற்கும் எட்டு இழை வேண்டும். சிடபிள்யூடிஎம்4, இரண்டே இழையில் 2 கிலோமீட்டர். எல்ஆர்4, அதே இரண்டு இழையில் 10 கிலோமீட்டர், விலை கூடுதல். "எல்ஆர்4 போட்டுடலாம் அண்ணா, சேஃப்" என்றான். ஸ்டாக்கில் ஒரு சிடபிள்யூடிஎம்4 சும்மா கிடக்கிறது, ஒரு பக்கம் அதைப் போட்டு மறுபக்கம் எல்ஆர்4 போட்டால் காசு மிச்சம் என்றும் சேர்த்துக்கொண்டான். கனெக்டர் ஒன்றே, கார்டு ஒன்றே, ஸ்பீடு ஒன்றே. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டும் நாலு நிற வெளிச்சத்தை ஒரே இழையில் அனுப்புகிறவைதான். ஆனால் சிடபிள்யூடிஎம்4-இன் நிறங்கள் 1271, 1291, 1311, 1331 நானோமீட்டர். எல்ஆர்4-உடையவை 1295-இல் தொடங்கி 1309-க்குள் நெருக்கமாக முடிந்துவிடும். ஒன்று அனுப்புவதை மற்றது பிரித்து வாங்காது. தவிர சிடபிள்யூடிஎம்4-க்கு ஸ்விட்சில் ஃபெக் என்ற பிழைதிருத்தம் ஓட வேண்டும், எல்ஆர்4-க்கு அது தேவையில்லை. டேட்டாஷீட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பையன் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சிடபிள்யூடிஎம்4-ஏ போட்டுடலாம், லாஸ் எவ்வளவுன்னு ஸ்பிளைசரைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று தானே கிளம்பினான். அவன் திரும்பி வரும்வரை நான் ஆர்டர் போடவில்லை.

என் ஒப்பீட்டுத் தாளில் இப்போது கோடிங்குக்கு ஒரே ஒரு கட்டம். மிச்சமான இடத்தில் மூன்று கட்டங்கள் வந்திருக்கின்றன: அதிகபட்சம் எவ்வளவு அனுப்பும், அதிகபட்சம் எவ்வளவு தாங்கும், வழியில் எவ்வளவு குறையும். முதல் இரண்டும் விலைப்பட்டியலில் இருக்காது, டேட்டாஷீட்டில் இரண்டாம் பக்கத்துக்கு மேல் இருக்கும். மூன்றாவது எந்தக் காகிதத்திலும் இருக்காது, அந்த ஃபைபரை ஒட்டியவரிடம் இருக்கும்.

இசட்ஆரே கையில் இருக்கிறது, தூரம் குறைவு என்றாலும் கவலையில்லை. வழியில் குறைவதையும் கணக்கில் சேர்த்து, வருகிற வெளிச்சம் மைனஸ் 7-க்கு மேல் போகாதபடி ரிசீவர் பக்கம் ஓர் அட்டெனுவேட்டரைச் சொருகிவிட்டுப் போட்டால் நிம்மதியாக ஓடும். மேசையில் டெஸ்ட் பண்ணுவதாக இருந்தால் இன்னும் கூடுதலாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து டெசிபல் வைத்தால் நல்லது. கட்டை விரல் அளவுதான் இருக்கும், சில நூறு ரூபாய்க்கு எந்த ஃபைபர் கடையிலும் கிடைக்கும்.